வாசலில் பலகை, குளியலறையில் வெள்ளம்

ஐப்பசியில் முதல் ரெட் அலர்ட் வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றுவிடும். காரை ஏற்றி வைக்க மேம்பாலம் உண்டு, வீட்டை எங்கே ஏற்றுவது? அதனால் வாசலில் மணல் மூட்டை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தென்சென்னையிலும் தாம்பரம், முடிச்சூர் பக்கத்திலும் மூட்டை அடுக்கிய வீடுகளுக்குள்ளும் தண்ணீர் வந்தது. மூட்டைக்கு மேலே ஏறி வந்ததைவிட, குளியலறைத் தரையிலுள்ள ஜாலி, அதாவது துளைபோட்ட மூடி வழியாகக் கொப்பளித்து வந்ததுதான் ஆட்களை ஏமாற்றியது. வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், பின்னால் சோபா மிதந்துகொண்டிருக்கும்.

தற்காலிகத் தடுப்பு என்றால் கடையில் பலகையையும் டியூபையும்தான் காட்டுவார்கள். அதை வாங்குமுன் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் எந்தெந்த வழியாக வரும் என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வாசல் ஒன்று. கழிவுநீர்க் குழாய் இரண்டாவது. தரையும் சுவரும் மூன்றாவது. ஏரியாக இருந்த இடத்தில் கட்டிய வீடென்றால், நிலத்தடி நீர் ஏறும்போது டைல்ஸ் இடுக்கிலேயே ஊற்றுப்போலக் கசியும். நாலாவது, உங்கள் மொட்டை மாடியிலிருந்தே இறங்கும் மழை. இந்த நாலில் ஒன்றை விட்டுவிட்டாலும் மற்ற மூன்றுக்குச் செய்த செலவு வீண். வாசல்தான் இருப்பதிலேயே சுலபமானது. அதனால் கடினமானதிலிருந்து தொடங்குவோம்.

தெருவில் பாதாளச் சாக்கடை நிரம்பினால் அந்த மட்டம் உங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சேம்பர் தொட்டி வரை ஏறும். தரைத்தளக் குளியலறையில் ஜாலிக்கு அடியிலுள்ள வடிகுழியின் (நஹானி டிராப்) வாய் அந்த மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் அதன் வழியாக வீட்டுக்குள் வரும். ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்ட பகுதிகளில் பழைய வீடுகளுக்கெல்லாம் இதுதான் கதி. இதற்கு நிரந்தரத் தீர்வு, கடைசிச் சேம்பரிலிருந்து தெருவுக்குப் போகும் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. உள்ளே ஒரு மடல் தொங்கும். வெளியே போகிற தண்ணீருக்குத் திறக்கும், திரும்பி வருகிற தண்ணீருக்கு மூடிக்கொள்ளும். மாட்டிவிட்டு மறந்துவிடுவதுதான் இதில் நடக்கும் தவறு. சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் துணித் துண்டும் நாப்கினும் மடலின் இடுக்கில் சிக்கி, அது எப்போதும் விரல் கனத்துக்குத் திறந்தே நிற்கும். ஆவணி முடியும்போது ஒருமுறை, பிறகு மழை முடியும்வரை மாதம் ஒருமுறை சேம்பர் மூடியைத் திறந்து மடலைக் குச்சியால் தள்ளிப் பார்க்க வேண்டும். தானாகத் திரும்பி விழுந்து ஒட்டிக்கொண்டால் சரி.

வால்வு போட முடியாத வாடகை வீட்டுக்கு விரியும் ரப்பர் பிளக் போதும். நடுவில் இருக்கும் நட்டை முறுக்கினால் ரப்பர் பிதுங்கிக் குழாயின் உள்சுவரைப் பிடித்துக்கொள்ளும். 4 அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் தள்ளினாலும் பிளக்கின் மேல் விழும் விசை 8 கிலோதான், நன்றாகவே தாங்கும். வாங்கும்போது குழாயின் வெளிவிட்டத்தைச் சொல்லிவிடாதீர்கள். 110 மி.மீ. என்று விற்கும் பி.வி.சி. குழாயின் உள்விட்டம் அதைவிடக் குறைவு. பழைய வீடுகளின் ஸ்டோன்வேர் என்ற சுட்டமண் குழாயோ வட்டமாகவே இருக்காது. பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு குழாயில் நுழைத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

பிளக் கிடைக்கவில்லை என்றால் பழைய பிளம்பர்களின் கைவைத்தியம் ஒன்று உண்டு. நஹானி டிராப்பின் ஜாலியைக் கழற்றி, அந்த வாயில் மூன்று அடி நீளக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகச் சொருகுங்கள். சொருகும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, எம்-சீல் வைத்து அடையுங்கள். சாக்கடைத் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் ஏறி, தெருவில் இருக்கும் மட்டம் வந்ததும் தானாக நின்றுவிடும். எதையும் முட்டி அடைக்கவில்லை என்பதால் பிய்த்துக்கொண்டு வராது. போதாக்குறைக்குத் தெருவில் சாக்கடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் வீட்டுக்குள்ளேயே காட்டிவிடும். வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு இது ஆகாது. அதன் தொண்டைக்குள் பாலித்தீன் பையில் பாதி மணல் கட்டித் திணித்து, மேலே இன்னொரு மூட்டையை வைத்து அழுத்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கடைசிக் குழாயை அடைத்துவிட்டால் உங்கள் கழிவும் வெளியே போகாது. மாடியில் நாலு குடும்பம் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டுக்கு இரண்டடி, மூன்றடி ஆழச் சேம்பரில் சுமார் 340 லிட்டர்தான் பிடிக்கும். ஒரு ஃப்ளஷ் 10 லிட்டர், ஒரு குளியல் 30 லிட்டர் என்றால் ஒரு காலைப் பொழுதைத் தாங்காது. மாடிக்காரர் ஃப்ளஷ் செய்தது கீழ்வீட்டு ஜாலியில் வரும். வெள்ளத்தைவிட மோசமான சண்டையும் அப்போதுதான் வரும். அடைக்கும் முன்பே மாடிப்படியில் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள்.

செப்டிக் டேங்க் உள்ள புறநகர் வீடுகளில், மழைக்கு முன் லாரி வரவழைத்து டேங்கைச் சுத்தமாகக் காலி செய்துவிடும் பழக்கம் உண்டு. செய்யாதீர்கள். நிலத்தடி நீர் ஏறும்போது காலி டேங்கைக் கீழிருந்து தள்ளும். பிளாஸ்டிக் டேங்க் மேலே எழும்பிவிடும், கட்டுமான டேங்கின் அடித்தளம் விரிசல் விடும். குடிநீர்ச் சம்ப்புக்கும் இதே விதிதான்: நிரப்பி வையுங்கள், மூடியைச் சுற்றி சிலிக்கான் பூசுங்கள். மேல்தொட்டியைக் கரண்ட் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள்.

இப்போது வாசலுக்கு வருவோம். தண்ணீரின் தள்ளுவிசை ஆழத்தோடு நேராகக் கூடுவதில்லை. ஒரு மீட்டர் அகலத் தடுப்பின் மேல் 30 செ.மீ. தண்ணீர் 45 கிலோ விசை கொடுக்கும். 60 செ.மீ. என்றால் 180 கிலோ. ஒரு மீட்டர் என்றால் 500 கிலோ. ஆழம் இரட்டிப்பானால் விசை நாலு மடங்கு. ஓரடிக்குத் தாங்கிய பலகையை அப்படியே உயரமாக்கி மூன்றடிக்கு நிறுத்த முடியாததற்குக் காரணம் இதுதான். காம்பவுண்டுச் சுவரை நம்புகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நாலரை அங்குலக் கனத்தில் ஐந்தடி உயரச் சுவர், தூண்களையும் சிமென்ட் பிடிப்பையும் கழித்துக் கணக்குப் போட்டால், ஒரு பக்கம் ஒன்றரை அடித் தண்ணீர் நின்றாலே கவிழும் நிலைக்கு வந்துவிடும். பத்தடிக்கு ஒரு தூண் இருப்பதால்தான் நின்றுகொண்டிருக்கிறது. கேட்டை இறுக அடைத்துவிட்டு அந்தச் சுவரோரமாக நிற்காதீர்கள்.

வீட்டுச் சுவருக்கும் எல்லை உண்டு. இரண்டடிவரை தடுக்கலாம். அதற்குமேல் தண்ணீரை வெளியே நிறுத்திவைக்கப் போராடினால் சுவரே உள்நோக்கி வெடிக்கும். அந்த நிலைமையில் மெயினை அணைத்துவிட்டு, சாமான்களை மாடிக்கு ஏற்றிவிட்டு, தண்ணீரை உள்ளே விடுவதுதான் புத்திசாலித்தனம். தரை நனையும், கட்டடம் நிற்கும். வெளிச்சுவரில் இரண்டடி உயரத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நள்ளிரவில் முடிவெடுக்க அந்தக் கோடு உதவும்.

மணல் மூட்டையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், எல்லாரும் தப்பாகவே அடுக்குவதால். 50 கிலோ சிமென்ட் சாக்கில் மணலை முழுக்க நிரப்பினால் 55 கிலோ ஆகும். தூக்கவும் முடியாது, குண்டாக உருண்டுகொண்டு அடுத்ததோடு ஒட்டவும் ஒட்டாது. பாதிதான் நிரப்ப வேண்டும். வாயைக் கயிற்றால் கட்டாமல், மடித்து அடியில் சொருகி, அடுத்த மூட்டையின் அடிப்பாகம் அதன்மேல் கொஞ்சம் ஏறும்படி வைக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் காலால் நன்றாக மிதித்துத் தட்டையாக்கிய பிறகே அடுத்த வரிசை. செங்கல் கட்டுவதுபோல இணைப்புகள் மாறி மாறி வர வேண்டும். எம்-சாண்ட் மட்டும் போட்டால் தண்ணீர் சல்லடைபோல ஊடுருவும். கொஞ்சம் செம்மண் கலந்த மணல் நல்லது. வெறும் களிமண் வழுக்கும்.

எத்தனை மூட்டை வேண்டும்? அடித்தள அகலம் உயரத்தைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். மிதித்த மூட்டை நாலு அங்குலக் கனம், ஒரு அடி நீளம் என்று வைத்துக்கொண்டால், ஓரடி உயரத்துக்கு மூன்று வரிசை: கீழே 3, நடுவில் 2, மேலே 1. அதாவது ஒரு அடி நீளத்துக்கு 6 மூட்டை. இரண்டடி உயரத்துக்கு ஆறு வரிசை, ஒரு அடி நீளத்துக்கு 21 மூட்டை. நாலடி வாசலுக்கு இருபுறமும் அரையடி கூட்டி ஐந்தடி என்றால், ஓரடி உயரத்துக்கு 30, இரண்டடி உயரத்துக்கு 105. உயரம் இரண்டு மடங்குதான், மூட்டை மூன்றரை மடங்கு. 105 மூட்டை என்றால் இரண்டரை டன்னுக்கு மேல் மணல், இரண்டு பேருக்கு அரைநாள் வேலை. ஒற்றை வரிசையாக ஆறு மூட்டையைக் கோபுரம்போல அடுக்கி வைப்பதெல்லாம் மனத்திருப்திக்குத்தான்.

தண்ணீர் வரும் பக்கத்தில் கனமான கறுப்புப் பாலித்தீன் தாளைத் தொய்வாக விரித்து, அதன் கீழ்ப்பகுதி தரையில் வெளிப்பக்கமாக ஒன்றரை அடி கிடக்குமாறு விட்டு, ஒரு வரிசை மூட்டையை அதன்மேல் வையுங்கள். தாளை இழுத்துக் கட்டினால் மூட்டை இடுக்குகளில் பதியாமல் கிழிந்துவிடும். போன வருஷத்து மூட்டையை வெயிலில் போட்டு வைத்திருந்தால் தொட்டதும் பொடிப்பொடியாகும். அந்த இழைக்கு வெயில்தான் எமன். காலிச் சாக்குகளை மடித்து நிழலில் வைத்துக்கொண்டு, மணலைத் தனியாகக் குவித்து மூடிவைப்பதே சரி.

மணலே இல்லாத மூட்டை என்று விளம்பரப்படுத்தும் உறிஞ்சும் பைகளும் கிடைக்கின்றன. நானூறு கிராம் பை சில நிமிடங்களில் தண்ணீரை உறிஞ்சி இருபது கிலோவாக ஊதும். அந்த இருபது கிலோவும் தண்ணீர்தானே! வெள்ளத்துக்குள் மூழ்கினால் அதற்கு எடையே கிடையாது, தள்ளினால் நகரும். கதவிடுக்கில் திணிக்கலாம், மாடி வராந்தாவில் சாரலுக்கு வைக்கலாம். சுவர்போல அடுக்க உதவாது. உப்புத் தண்ணீரில் ஊதவும் ஊதாது, கடலோரத்துக்காரர்கள் கவனிக்கவும்.

தண்ணீர் நிரப்பும் நீளக் குழல் தடுப்புகளுக்கும் அதே இயற்பியல்தான். குழலுக்குள் இருப்பதும் தண்ணீர், வெளியே இருப்பதும் தண்ணீர். வெள்ள மட்டத்துக்கு மேலே நிற்கும் பகுதியின் எடைதான் அதைத் தரையோடு பிடித்துவைக்கிறது. அதனால் தன் உயரத்தில் முக்கால் பங்குக்கு மேல் அதை நம்பக்கூடாது, அதுவும் சொரசொரப்பான தரையில் மட்டும். ஈரக் கிரானைட்டில் வழுக்கிக்கொண்டு போகும். எல் வடிவப் பெட்டித் தடுப்புகள் இதில் கெட்டிக்காரத்தனமானவை. தரையில் படுத்திருக்கும் கால் வெள்ளத்தின் பக்கம் நீண்டிருப்பதால் வருகிற தண்ணீரே அதன்மேல் ஏறி உட்கார்ந்து அழுத்துகிறது. சமமான சிமென்ட் தளத்தில் நன்றாக நிற்கும். குண்டும் குழியுமான தெருவில் அடியில் ஓடை ஓடும். இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரையில் அயர்ன்பிரிட்ஜ் ஊரில் 2020 பிப்ரவரியில், சாலையின்மேல் நிறுத்திய தடுப்புகளே ஆற்றின் அழுத்தத்தில் நகர்ந்துபோய் வீடுகளைக் காலி செய்ய வேண்டிவந்தது. 2002 வெள்ளத்தில் ப்ராக் நகரின் பழைய பகுதியைக் காத்த தடுப்புகள் வேறு இனம். தூண்களை நிறுத்த முன்கூட்டியே கான்கிரீட் அடித்தளம் போட்டு, வெள்ளம் வரும்போது பலகையை மட்டும் சொருகுவார்கள். சும்மா தரையில் வைப்பது, அடித்தளத்தோடு சொருகுவது என்ற இந்த வித்தியாசத்தை விற்பனையாளர் சொல்லமாட்டார். நீங்களே கேட்க வேண்டும்.

தனிவீட்டு வாசலுக்கு எங்கள் சிபாரிசு சொருகுபலகைதான். அலுமினியப் பலகையும், விளிம்பில் ஒழுக்கை அடைக்கும் ரப்பர் பட்டையும் (கேஸ்கெட்) கொண்ட தயார் செட் வாங்கலாம். அல்லது தெருமுனை ஃபேப்ரிகேட்டரிடம் செய்துகொள்ளலாம். செய்வதென்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட், 19 மி.மீ. ஐ.எஸ். 303 என்றிருப்பது சாதா ரகம், இரண்டு நாள் தண்ணீரில் உப்பிப் பிளக்கும். வெட்டிய விளிம்புகளில் எபாக்சி இரண்டு கோட் அடிக்க வேண்டும், தண்ணீர் நுழைவது அங்கேதான்.

மூன்றரை அடி வாசலில் இரண்டடித் தண்ணீர் நின்றால் 19 மி.மீ. பலகை உடையாது. ஆனால் கீழ்விளிம்பு நடுவில் ஏறக்குறைய ஓர் அங்குலம் வளையும். வளைந்தால் அடியிலுள்ள ரப்பர் இடம்பெயரும், அங்கே தண்ணீர் பீறிடும். அதற்காகத்தான் வீட்டுப்பக்கமாக, கீழிருந்து கால் அடி உயரத்தில், இரண்டுக்கு ஒரு அங்குல இரும்புக் குழாய் ஒன்றைக் குறுக்கே போல்ட் போடச் சொல்கிறோம். இரண்டங்குலப் பக்கம் தண்ணீர் தள்ளும் திசையில் இருக்க வேண்டும். தட்டையாகப் படுக்க வைத்தால் பாதிப் பலன்கூட இல்லை.

பலகையைக் கதவு நிலைக்குள் சொருகுவதைவிட, வெளிச்சுவரின் முகத்தில் சாய்ந்து நிற்கும்படி அமைப்பது மேல். தண்ணீர் தள்ளும்போது பலகை சுவரோடு அழுந்தும், சுமை சுவருக்குப் போகும், போல்ட்டுக்கு வேலை குறையும். நிலைக்குள் சொருகினால் முழுச் சுமையும், பலகை சொருகும் சேனலைப் பிடித்திருக்கும் போல்ட்டில் விழும். இரண்டு முறையிலும் ஆங்கர் போல்ட், பிளாஸ்டரைத் தாண்டிச் செங்கல்லுக்குள் மூன்று அங்குலமாவது போக வேண்டும். முக்கால் அங்குலப் பிளாஸ்டர் எதையும் பிடிக்காது. செங்கல் பழசென்றால் விரியும் ஆங்கர் அதைப் பிளந்துவிடும். பசை ஊற்றிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர் போடுங்கள்.

ஒழுக்கு எப்போதும் கீழ் மூலை இரண்டிலும்தான். கேஸ்கெட்டை மூன்று துண்டாக வெட்டி ஒட்டுவார்கள், அந்தச் சந்திப்பில் தண்ணீர் வரும். ஒரே நீளத் துண்டை, மூலையில் உட்பக்கம் மட்டும் முக்கோணமாகக் கீறி மடக்கி ஒட்ட வேண்டும். சோபா ஸ்பாஞ்ச் கூடவே கூடாது, அது தண்ணீரைக் குடித்து மறுபக்கம் விடும். துளைகள் மூடிய நியோபிரீன் அல்லது இ.பி.டி.எம். ரப்பர், 20 மி.மீ. கனம், அழுத்தினால் பாதியாக வேண்டும். பலகையை மேலிருந்து கீழே அழுத்த இருபுறமும் ஆப்பு அடிக்கவும். மட்டம் ஏறினால் தண்ணீரே பலகையை அழுத்திக்கொள்ளும். முதல் நாலு அங்குலத்தில் அதற்கு அந்தப் பலம் இல்லை, அப்போதுதான் அதிகம் ஒழுகும்.

பலகை போட்ட பிறகும் இழைபோல ஒழுகினால் ஒரு கைப்பிடி மரத்தூளை வெளிப்பக்கத் தண்ணீரில், அந்த இடத்துக்கு நேராக, மெதுவாகத் தூவுங்கள். ஒழுகும் நீரே தூளை இழுத்துக்கொண்டு போய் இடுக்கில் திணித்து, ஊறவைத்து அடைத்துவிடும். மதகுப் பலகைகளில் பழங்காலமாகச் செய்வதுதான். சிறு ஒழுக்குத்தானே என்று விடவும் முடியாது. ஒரு லிட்டர் பாட்டில் அரை நிமிடத்தில் நிரம்பும் ஒழுக்கு, ஒரு நாளில் 2,880 லிட்டர். இருநூறு சதுர அடி ஹாலில் அது ஆறு அங்குலத் தண்ணீர். சென்னையில் தண்ணீர் மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் நிற்கிறது.

ஆகவே உள்ளே ஒரு பம்ப் இல்லாமல் எந்தத் தடுப்பும் முழுமையாகாது. டைல்ஸ் இடுக்கில் ஊறும் தண்ணீரையும் அதுதான் இறைக்க வேண்டும். அதோடு மழைக் கணக்கையும் சேருங்கள்: ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) 10 செ.மீ. மழை பெய்தால் 22,000 லிட்டருக்கு மேல். கேட்டில் தடுப்பு போட்டு காம்பவுண்டு முழுவதையும் அடைத்தவர்கள், தங்கள் மாடித் தண்ணீரைத் தாங்களே சேமித்துக்கொண்டு மூழ்குவது இப்படித்தான். கேட்டை விட்டுவிட்டு வீட்டு வாசலில் தடுப்பது பெரும்பாலும் நல்லது. இல்லையென்றால் மாடிக் குழாயை நீட்டித் தடுப்புக்கு வெளியே விடுங்கள்.

கரண்ட் போகும் என்று எடுத்துக்கொண்டே பம்ப் வாங்க வேண்டும். அரை ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 500, 600 வாட் கேட்கும், கிளம்பும் நொடியில் அதைப்போல மூன்று நாலு மடங்கு. வீட்டு இன்வர்ட்டர் அந்த நொடியிலேயே டிரிப் ஆகும். ஒன்றரை அல்லது இரண்டு அங்குலப் பெட்ரோல் பம்ப்செட் நாலைந்து வீட்டுக்குச் சேர்த்து ஒன்று வாங்கினால் கட்டுப்படியாகும். அதை வராந்தாவுக்குள்ளோ, கட்டடத்தின் அடியில் கார் நிறுத்தும் ஸ்டில்ட்டுக்குள்ளோ ஓட்டக்கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும். இன்னொன்று: வெளியே விடும் ஹோஸின் முனை தெருத் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், பம்ப் நின்றதும் சைஃபன் ஆகித் தெருத் தண்ணீர் முழுவதும் உங்கள் வீட்டுக்கே திரும்பும். முனையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட் தனிக் கதை. ஐந்து கிரவுண்டு பேஸ்மென்ட்டில் ஓரடித் தண்ணீர் என்றால் 3,40,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் 28 நடை. இருபதடி அகலச் சரிவுப்பாதைக்கு ஒரே பலகை நிற்காது, ஆறேழு அடிக்கு ஒரு கழற்றும் தூண் வேண்டும். தூண் நிற்கும் குழியில் வருஷம் முழுக்க மண்ணும் பான்பராக் உறையும் சேரும், போல்ட் துருப்பிடிக்கும். அதனால் முதலில் சரிவின் தலைப்பில் ஒன்பது அங்குலக் கான்கிரீட் மேடு போடுங்கள். அது தூங்காது, சாவி கேட்காது. பலகை அதற்குமேல் கூடுதல் பாதுகாப்பு. பேஸ்மென்ட் காற்றுத் திறப்புகளின் மட்டத்தையும் பாருங்கள். சரிவில் இரண்டடித் தடுப்பு போட்டுவிட்டு, பக்கத்துச் சுவரில் ஓரடி உயரத்தில் ஜன்னல் திறந்து கிடந்தால் என்ன பயன்? தண்ணீர் வரும்போது காரை எடுக்கக் கீழே இறங்கவே கூடாது.

எல்லாவற்றையும் புரட்டாசியில், வெயில் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டிப் பாருங்கள். பலகைக்கு முன் மூட்டைகளால் அரைவட்டக் குளம் கட்டி, ஹோஸில் ஓரடி நிரப்பி, உள்ளே பாட்டிலோடு உட்கார்ந்து ஒழுக்கை அளந்து பாருங்கள். வெளியூர் போயிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் பூட்ட நேரலாம், அவரையும் ஒருமுறை பூட்டச் சொல்லுங்கள். நட்டு, ஸ்பேனர், ஆப்பு, மரத்தூள் எல்லாம் ஒரே வாளியில், பலகையோடு கட்டித் தொங்க வேண்டும். ஸ்பேனர் வேறு அறையில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

தண்ணீர் வடிந்த பிறகு பலகையை உடனே கழற்றாதீர்கள். வெளிமட்டம் உள்மட்டத்துக்குக் கீழே போன பிறகே கழற்ற வேண்டும். கேஸ்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, எதன் எடையும் அதன்மேல் விழாமல் பலகையைப் படுக்க வைக்கவும்; நிறுத்திவைத்தால் கீழ்ரப்பர் நசுங்கி, அடுத்த வருஷம் அதே வடிவத்தில் இறுகியிருக்கும். மூட்டை மணலில் சாக்கடை ஊறியிருக்கும். குழந்தைகள் விளையாடக் கொட்டிவைக்காதீர்கள், பூச்சு வேலைக்கும் எடுக்காதீர்கள்.